புகையில்லாத கோழிக்கடை

கடைக்குள் காலெடுத்து வைத்ததும் முதலில் ஏமாந்தது மூக்குதான். கோழியைக் கரியில் சுட்டுத் தருகிற கடை அது. கண்ணெதிரே ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு அடுப்பு. அதில் கனல் சிவந்து கிடக்கிறது. மேலே மூங்கில் குச்சிகள் வரிசை பிடித்து வேகின்றன. வாசத்தை மட்டும் காணோம். நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஏசிக் காற்றும், புதிதாக இழைத்த மரத்தின் மணமும்தான் வந்தன. அடுப்புக்கு மேலே பளபளவென்று ஒரு செம்புக் கூண்டு தொங்கியது. எழுகிற புகையை எழுந்த இடத்திலேயே அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“என்ன மாப்ள, இங்க நெசமாவே கோழிதான் சுடுறாங்களா?” என்று நண்பனின் காதைக் கடித்தேன்.

“சும்மா வாடா. அலைஞ்சு புடிச்ச புக்கிங் இது. கார்டு நம்பர் வாங்கித்தான் சீட்டே குடுத்தான்.”

டோக்கியோவின் கின்சாவில், நவம்பர் மாதத்து மாலை நேரம். ஒரு கட்டடத்தின் நிலவறைத் தளத்தில் கடை. பெயர்ப்பலகை விசிட்டிங் கார்டு அளவுதான் இருந்தது. நண்பன் மதுரையில் என்னோடு படித்தவன். பன்னிரண்டு வருஷமாக நகரின் கிழக்கே நிஷி-கசாயில் குடியிருக்கிறான். கணினி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. சாயங்காலம் பூங்காவில் நடந்தால் தெலுங்கும் இந்தியும் தமிழும் காதில் விழும். அவன் வீட்டில் பத்து நாள் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டவன் என்ற முறையில், ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு அவனுக்கு ஒரு பெரிய விருந்து வைக்க வேண்டும் என்பது என் திட்டம். சுஷியா என்று கேட்டான். எனக்குப் பச்சை மீன் இன்னும் பழகவில்லை. கோழி என்றேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம், ஐந்து நாளுக்கு முன்னால் இன்னொரு கின்சாவில் சாப்பிட்ட குச்சி.

கின்சா என்றால் வெள்ளிக்காசு அடிக்கும் பட்டறை. 1612-இல் அங்கே அப்படி ஒரு பட்டறை வந்ததால் இடத்துக்கு அந்தப் பெயர். பிற்காலத்தில் அது ஜப்பானின் ஆடம்பரக் கடைத்தெருவாகிவிட, நாடு முழுக்கச் சின்னச் சின்னக் கடைவீதிகள் அந்தப் பெயரைத் தங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. நம்மூரில் மூலைக்கு மூலை பாம்பே ஸ்வீட்ஸ் வந்த கதைதான். நிஷி-கசாயிலிருந்து அதிக தூரமில்லாத சுனமாச்சி கின்சா அப்படிப்பட்ட ஒன்று. சுனமாச்சி என்றால் மணலூர். மணலூர் வெள்ளிப்பட்டறை! இரண்டு பேர் கைகோத்து நடந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத தெரு. இரண்டு பக்கமும் காய்கறி, ஊறுகாய், பொரித்த மீன், உள்ளாடை, செருப்பு.

அங்கே ஒரு கடை வாசலில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். கையில் மூங்கில் விசிறி. கொழுப்பு சொட்டிக் கனலில் விழ, புகை குப்பென்று எழுந்து தெருவையே மறைத்தது. குச்சியை எடுத்து, தாரே என்கிற குழம்பில் ஒரு முக்கு முக்கினார். சோயாவும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு அது. மறுபடி கனலில் காட்டினார். குழம்பு கொப்பளித்து ஓரம் கருகியது. டப்பாவில் வைக்கப் போனவரிடம் நண்பன் கையை நீட்ட, சிரித்துக்கொண்டே கையிலேயே கொடுத்தார். நடந்துகொண்டே தின்பது அங்கே மரியாதை இல்லை என்பதால் கடையோரமாக நின்று கடித்தோம். உதடு சுட்டது. குழம்பு மணிக்கட்டு வரை வழிந்தது. ஒரு குச்சி நூறு யென்னுக்குக் கொஞ்சம் மேலே. ஆளுக்கு ஆறு தின்றோம்.

வீட்டுக்குப் போனால் நண்பன் மனைவி கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். “அண்ணே, ரெண்டு பேரும் ஜாக்கெட்டக் கழட்டி பால்கனியில போட்டுட்டு உள்ள வாங்க. ஏதோ சூளைக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்கு.” மறுநாள் சாயங்காலம் வரை அந்த ஜாக்கெட்டில் கோழி மணத்தது.

நூறு யென்னில் இப்படி என்றால் பதின்மூவாயிரம் யென்னில் எப்படி இருக்கும்? இதுதான் நான் போட்ட கணக்கு. இப்படிக் கணக்குப் போடுகிறவன் எங்கேயாவது ஏமாந்துதான் தீர வேண்டும்.

யாகிதோரி என்றால் சுட்ட பறவை, அவ்வளவுதான். ஜப்பானியர் எல்லாக் காலத்திலும் இதைத் தின்றவர்கள் இல்லை. 675-இல் தெம்மு பேரரசர் சாகுபடி மாதங்களில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் தின்னக்கூடாது என்று ஆணை போட்டார். கோழி பொழுது விடிவதைச் சொல்கிற பிராணி அல்லவா. பின்னால் தின்னத் தொடங்கிய பிறகும் கோழிக்கறி நெடுங்காலம் காசுள்ளவர் பண்டமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க பிராய்லர் வந்து விலை இறங்கியதும்தான், வேலை முடிந்து ரயிலேறும் முன் ஒரு பீரோடு நாலு குச்சி கடிக்கிற சாமானியர் தீனியாக அது பரவியது. இப்போது சக்கரம் திரும்பச் சுற்றி, டோக்கியோவில் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய யாகிதோரிக் கடைகளும் உண்டு.

சரி, நம் கடைக்கு வருவோம். ஹினோக்கி மரத்தில் ஒரே பலகையாக நீண்ட மேசை. பதினான்கு நாற்காலி. சரியாக ஐந்தரைக்கு எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும். எட்டு மணிக்கு அடுத்த கூட்டம். இஸ்ஸேய் ஸ்டார்ட் என்று இதற்குப் பெயர், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடக்கம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் பந்தி. முதல் பந்தி எழுந்தால்தான் இரண்டாம் பந்தி. எது வேண்டும் என்று நாம் கேட்கிற பேச்சே கிடையாது. ஒமகாசே, அதாவது சமையற்காரர் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். அன்றைக்குப் பத்துக் குச்சி, நடுவில் இரண்டு தொடுகறி, கடைசியில் சோறு.

சூடான ஈரத்துண்டு வந்தது. பீர் வந்தது. பிறகு ஓர் இளைஞர் மரத்தட்டில் எதையோ ஏந்தி வந்து எங்கள் முன் வைத்தார். கரி! தின்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. இதுதான் பின்சோத்தான், வாகயாமா மாநிலத்திலிருந்து வருகிறது என்று தொடங்கி, இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். கிணிங் என்று வெண்கலச் சத்தம்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். கரிமூட்டம் பார்த்து வளர்ந்தவன். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, உள்ளே தீ வைத்து, நாள் கணக்கில் புகையவிடுவார்கள். ஆறிய பிறகு பிரித்தால் கரி. கையில் எடுத்தால் மசி ஒட்டும், அழுத்தினால் நொறுங்கும். ஜப்பான்காரன் உபாமே என்ற ஓக் மரத்தை இதே மாதிரி நாள் கணக்கில் வேகவைத்து, கடைசியில் சூளைக்குள் காற்றைத் திறந்து விடுகிறான். சூடு 1,000 டிகிரியைத் தாண்டுகிறது. தகதகவென்று எரிகிற நிலையிலேயே வெளியே இழுத்து, ஈரமான சாம்பலும் மணலும் போட்டு மூடி அணைக்கிறான். அதனால்தான் மேலே வெள்ளை பூத்து உள்ளே இரும்பாக இறுகிப்போகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தானாபே ஊரில் இதை விற்ற பிச்சூயா சோசாயெமோன் என்ற வியாபாரியின் பெயரைச் சுருக்கித்தான் பின்சோ என்று ஆனதாம். புகை குறைவு, சுவாலை எழாது, நெடுநேரம் ஒரே சீராகக் கனலும்.

இதெல்லாம் சரி. அவர் கரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது முதல் குச்சி அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நடந்த கோளாறு முழுக்க இதுதான். பதினான்கு பேருக்கும் ஒரே குச்சி ஒரே நேரத்தில் போக வேண்டும். அடுப்பின் நடுவில் கனல் வலுவாக இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் மந்தம். ஆக, பதினான்கும் ஒரே நொடியில் வேகாது. முதலில் வெந்தவை தட்டில் ஏறிக் காத்திருந்தன. கடைசிக் குச்சி இறங்கிய பிறகு பரிமாறுகிறவர்கள் இருவர் இரண்டு முனையிலிருந்தும் கிளம்பினார்கள். ஒவ்வொருவர் முன்னும் நின்று, குச்சியை வைத்து, இது கோழியின் எந்தப் பாகம், ஒரு கோழிக்கு எத்தனை கிராம் கிடைக்கும், எந்த ஊர் உப்பு என்று சொன்னார்கள். நண்பனுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு முறை, எனக்கு ஆங்கிலத்தில் ஒரு முறை. நாங்கள் உட்கார்ந்திருந்ததோ நட்டநடுவில். இரண்டு பேரும் கடைசியாக வந்து சேர்கிற இடம்.

ஒரு குச்சியில் இருப்பது நாலு துண்டுக் கறி. மொத்தமாக நாற்பது கிராம் தேறினால் அதிகம். அது எத்தனை நேரம் சூடு தாங்கும்?

“மாப்ள, அவன் பேசட்டும், நீ பாட்டுக்குத் தின்னு,” என்றான் நண்பன். எப்படித் தின்பது? ஒரு மனுஷன் குனிந்து நின்று உப்பின் வரலாறு சொல்கிறான். அவன் முகத்துக்கு நேரே நாம் மெல்லுவதா? கேட்டு முடித்துக் கடித்தேன். தொடைக்கறி நன்றாகத்தான் வெந்திருந்தது. வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே சாறு. ஆனால் வெதுவெதுப்பு. நேற்றைக்குப் போட்ட பஜ்ஜியை இன்றைக்குச் சூடுபண்ணித் தந்த மாதிரி இல்லை, அவ்வளவு மோசமாகச் சொல்ல மாட்டேன். பக்கத்து மேசைக்குப் போன தோசை சுற்றி வந்து நம் தட்டில் விழுந்த மாதிரி.

இரண்டாவது சசாமி. நெஞ்சுக்கறியின் உட்பக்கத்து மெல்லிய துண்டு, மேலே வசாபி தடவி. கடித்த இடத்தில் பார்த்தால் நடுவில் ரோஜா நிறம். நம் வீட்டில் இப்படிக் கோழி வந்தால் அடுப்படியில் ஒரு பெரிய சண்டையே நடக்கும். அங்கே அது பக்குவம். ஜப்பானின் சுகாதார அமைச்சகமே பச்சைக் கோழியில் காம்பிலோபாக்டர் என்ற கிருமி இருக்கும், கவனம் என்று எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் தின்கிறவர்கள் தின்கிறார்கள். நானும் தின்றேன். வழுவழுவென்று, ஏறக்குறைய மீன் மாதிரி. மோசமில்லை. மறுபடி கேட்க மாட்டேன்.

மூன்றாவதாக வந்த தோல்தான் என்னை உண்மையிலேயே நோகடித்தது. கோழித்தோலை மடித்து மடித்துக் குச்சியில் செருகி, கொழுப்பு உருகி ஒழுகி முறுகும் வரை பொறுமையாகச் சுடுவார்கள். சுட்டவரின் கையை நான் பார்த்தேன். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் திருப்பினார், விரல் நுனியால் குச்சியின் அடியைத் தொட்டுச் சூடு பார்த்தார், மேலேயிருந்து உப்பைத் தூவினார், ஒரு துளிகூட வீணாகவில்லை. குச்சி செருகப் பழக மூன்று வருஷம், சுடப் பழக ஆயுசு முழுக்க என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. அந்த மனிதர் அந்த ஆயுசில் பாதியைக் கடந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்பேர்ப்பட்ட கை சுட்ட தோல் என் பல்லுக்கு வந்தபோது முறுகல் போய் ரப்பர் பதமாகிவிட்டிருந்தது. உதட்டில் கொழுப்பு மெழுகாக ஒட்டியது. அவர் நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்க்கவேயில்லை. அடுத்த பதினான்கு அடுப்பில் ஏறிவிட்டன.

கோழி என்ன ஜாதி என்பதற்கும் ஒரு வகுப்பு நடந்தது. அகிதா மாநிலத்து ஹினாய் ஜிடோரி. ஜிடோரி என்றால் அவர்கள் ஊர் நாட்டுக்கோழி. ஆனால் நம்மூர் மாதிரி குப்பையைக் கிளறியதெல்லாம் நாட்டுக்கோழி என்று சொல்லிவிட முடியாது. பாதிக்குக் குறையாத நாட்டு ரத்தம், குறைந்தது 75 நாள் வளர்ப்பு என்று சட்டமே இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அசல் ஹினாய்க் கோழியை 1942-இல் இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். அதை அறுத்துத் தின்ன முடியாது. தட்டுக்கு வருவது அந்தச் சேவலையும் ரோட் ஐலண்ட் ரெட் என்ற அமெரிக்கப் பெட்டையையும் சேர்த்துப் பிறந்த கலப்பு. நான் கேட்டு ரசித்த ஒரே விளக்கம் அதுதான். அதற்குள் இரைப்பைக் குச்சி ஆறிப்போனது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈரல் அபாரம். ரெபா என்கிறார்கள். லிவர் என்ற ஆங்கிலச் சொல் ஜப்பானிய வாயில் அப்படி ஆகிவிட்டது. தாரே பூசிய இரண்டு துண்டு, வாயில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது. ஈரலுக்கு வெதுவெதுப்பே போதும் என்பதால் தப்பித்தது என்று நினைக்கிறேன். இருபது வருஷமாக ஈரலை ரோஸ்ட் என்ற பெயரில் ரப்பராக்கித் தின்று வந்திருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

நான் காத்திருந்தது இன்னொன்றுக்காக. சோச்சின். சோச்சின் என்றால் காகித விளக்கு. கோழியின் வயிற்றுக்குள் ஓடு பிடிக்காமல் இருக்கும் மஞ்சள் கருவை, கருக்குழாயோடு சேர்த்துக் குச்சி நுனியில் தொங்கவிட்டுச் சுடுவார்கள். கனல் வெளிச்சத்தில் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் சின்ன விளக்குத் தொங்குகிற மாதிரியே இருக்கும். அப்படியே வாய்க்குள் போட்டால் உள்ளே உடையும். பிராய்லர் ஐம்பது நாளில் அறுபடுவதால் அதில் இது கிடைக்காது. முட்டையிடும் பருவத்துக் கோழி வேண்டும்.

எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் அப்பத்தா வீட்டுக் கோழியை அறுக்கும். வயிற்றைக் கீறினால் சில சமயம் கொத்தாக மஞ்சள் முட்டைகள் இருக்கும். ஒன்று கோலிக்குண்டு அளவு, அடுத்தது சுண்டைக்காய், அடுத்தது கடுகு. விருந்தாளிக்குத் தொடை போகும், ஆம்பிளைகளுக்கு நெஞ்சு போகும். அந்தக் கொத்து மட்டும் குழம்பில் வெந்து நேராக எங்கள் தட்டுக்கு வரும். பேரப்பிள்ளைகளில் நான்தான் கடைசி என்பதால் கோலிக்குண்டு எனக்கு. முட்டைக்கோழியை அறுத்துவிட்டோமே என்று அப்பத்தா அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருக்கும். நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

ஏழாவது குச்சி வரை சோச்சின் வரவில்லை. மேசையின் வலது கோடியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு மட்டும் ஆரஞ்சு விளக்கு போயிற்று. கோட்டும் டையும் போட்டவர்கள், சுடுகிறவரைப் பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள். நண்பன் பரிமாறுகிற இளைஞரைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டான். அவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் ஸ்ஸ்ஸ் என்று காற்றை உள்ளிழுத்தார்.

“போச்சு,” என்றான் நண்பன். “இந்தச் சத்தம் வந்தாலே இல்லேன்னு அர்த்தம். பன்னெண்டு வருஷமா கேக்குறேன்.”

இன்றைக்குக் கிடைத்ததே கொஞ்சம்தான், முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விட்டது, மிக மிக மன்னிக்கவும் என்று குனிந்தார். அவர் குனிந்த குனிவில் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வந்தவை எனக்கு அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. கொத்துக்கறி உருண்டையான சுகுனே, பல்லில் நறுக்கென்று உடையும் குருத்தெலும்பு கலந்து நன்றாக இருந்தது. வால்பக்கத்துக் கொழுப்பான பொன்ஜிரி எனக்குத் திகட்டியது. கடைசியில் சின்னக் கிண்ணத்தில் ஒயாகோதோன். ஒயாகோ என்றால் பெற்றதும் பிள்ளையும். கோழியும் முட்டையும் ஒரே சோற்றின் மேல். நம் ஆட்கள் யாராவது பெயர் வைத்திருந்தால் இதற்கு இத்தனை துணிச்சல் வந்திருக்காது. கூடவே வந்த கோழி எலும்பு சூப் பொங்கப் பொங்கச் சுட்டது. அன்றைக்கு உதட்டைச் சுட்டது அது ஒன்றுதான். இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஏழே முக்காலுக்கு பில் வந்தது. தோல் உறைக்குள் மடித்து வைத்த சின்னத் தாள். பீர், சாக்கே, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 35,000 யென்னைத் தொட்டது. நம் பணத்தில் ஏறத்தாழ 20,000 ரூபாய். நண்பன் பர்ஸை எடுக்கப் போனான். நான் முறைத்ததும் உள்ளே வைத்தான். படியேறி வெளியே வந்தால், எட்டு மணிப் பந்திக்காரர்கள் நடைபாதையில் சத்தமில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள். சுட்டவர் எங்களோடு மேலே வந்து, தெரு முனை திரும்பும் வரை குனிந்தபடி நின்றார். அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று தின்ன விட்டிருக்கலாம் என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. புரிந்தாலும் அவர் கையில் இருக்கிற காரியமா அது?

கின்சாவிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் யுராக்குச்சோ. அங்கே 1910-இலேயே வந்த ரயில் பாதை, செங்கல் வளைவுகளின் மேல் ஓடுகிறது. பெர்லினைப் பார்த்துக் கட்டியது. வளைவுகளுக்கு அடியிலெல்லாம் சாராயமும் சுட்ட கறியும் விற்கும் கடைகள். புகை தெரு வரைக்கும் வந்து எங்களைக் கையைப் பிடித்து இழுத்தது. “ஏறலாமா?” என்றான். வயிற்றில் இடமில்லை. கையிலும் காசில்லை. இருந்தாலும் ஒரு கடையில் எட்டிப் பார்த்தோம். பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வெளிநாட்டுக்காரர்களாக உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் இருந்த குச்சிகள் கருகிச் சுருங்கிக் கிடந்தன. “இதுவும் வேணாம்டா,” என்றேன். ரயிலேறினோம்.

தோசாய் லைனில் நின்றுகொண்டே வந்தோம். நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். நான் ஜாக்கெட் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். சலவைத்தூள் வாசம்.

மணி அடித்ததும் கதவு திறந்தது. நண்பன் மனைவி இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகக் கையில் இரண்டு ஹேங்கரோடு நின்றிருந்தார். ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் திரும்பியவர், பாதியில் நின்று ஒன்றை முகர்ந்தார். இன்னொன்றையும் முகர்ந்தார்.

“என்னண்ணே,” என்றார், “கடை பூட்டியிருந்துச்சா?”